ஐந்து மணி வரை

"நேத்தோட மூணு வருஷம் முடிஞ்சுபோச்சு. இனிமே கேஸ் போட முடியாதுதானே மேடம்?"

வக்கீலம்மா கோர்ட்டிலிருந்து திரும்புவதற்கு முன்பே வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் அந்தத் தையல்காரர். கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றி வைக்காமல் ஓடி வந்திருக்கிறார் பாவம்.

"என்ன கேஸு?"

"சாயங்கால மழையில ஒரு பைக் ஒருத்தரை இடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சு. யாருன்னு போலீசுக்கு இன்னி வரைக்கும் தெரியாது."

வக்கீலம்மா தேதியைக் கேட்டு விரல்விட்டு எண்ணினாள்.

"சம்பவம் நடந்த நாளைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்கு எதிர்ல கோர்ட் கவுன்டரை மூடுறதுக்குள்ள யாராவது பேரைச் சொல்லி மனு கொடுத்துட்டா மாட்டிக்க வேண்டியதுதான்."

தையல்காரர் முகம் செத்துவிட்டது. மணி நாலு இருபது.

"அதுவரைக்கும் இங்கேயே இருந்துக்கட்டுமா?"

வக்கீலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடித்துவிட்டு ஓடிய ஆசாமி, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறாரா! என்ன நெஞ்சழுத்தம்!

"பார்த்த சாட்சி யாருமே இல்லையா?"

"ஒரே ஒருத்தர். அவருக்கு நல்லாத் தெரிஞ்ச வண்டி."

"அவர் இப்ப வந்து மனு கொடுத்தா?"

"கொடுக்க மாட்டார் மேடம். காலையிலேர்ந்து அவரைக் கோர்ட் படியேற நான் விடலை."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆளை எங்கேயாவது அடைத்து வைத்திருக்கிறாரோ? பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"கடையைப் போட்டுட்டு வந்திருக்கீங்களே, வேலை கெடாதா?"

"மிஷினுக்கு மோட்டார் மாட்டியாச்சு மேடம். முன்ன மாதிரி பெடல் மிதிக்கிற பாடு இல்ல. நாளைக்குப் பிடிச்சுடலாம்."

கடிகாரத்தையே பார்த்தபடி, டேப்பின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். ஐந்து அடித்தது. எதிரே கவுன்டரின் ஷட்டர் கடகடவென்று இறங்கியது. தையல்காரர் போனை எடுத்து அழுத்தினார்.

"கண்ணா, அப்பாதான்டா. கேஸ் காலாவதி ஆயிடுச்சு. இனிமே உன்னை ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒளிஞ்சது போதும்டா, பஸ் ஏறு. அம்மா உன் ரூமைக் கூட்டித் துடைச்சு வெச்சிருக்கா."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஓ, பையனா! வக்கீலம்மாவின் கோபம் பாதி இறங்கியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"பெத்த பாசம் சரிங்க ஐயா. அடிபட்ட அந்த மனுஷரை என்னிக்காவது நினைச்சுப் பார்த்தீங்களா?"

தையல்காரர் குனிந்து, நாற்காலிக்கு அடியிலிருந்த ஊன்றுகோலை எடுத்துக் கக்கத்தில் கொடுத்து மெல்ல எழுந்தார். பேன்ட்டின் இடது கால் முட்டியோடு மடித்து, அழகாகத் தைக்கப்பட்டிருந்தது.

"அன்னிக்கு இடிச்சது யாரைன்னு அவனுக்கு இன்னும் தெரியாது மேடம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காலையில வந்துடுவான். இந்தக் காலுக்கு ஒரு நல்ல பொய்யாச் சொல்லிக் கொடுங்களேன்."