கரைக்குச் சேத்த புள்ள

பால்பல்லுகூட விழாத ஒரு குழந்தை, முதுகுல காத்து சிலிண்டரைக் கட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள இறங்குச்சு. பாத்த மடவை மீனம்மாவுக்கு வயித்தெரிச்சல் தாங்கல. "அதுங்க இங்க வந்து பழகுது. நம்ம புள்ள மட்டும் கரையைப் பாக்காமக் கெடக்கணுமா?"ன்னு புருஷனைக் குடைஞ்சா.

அவர் பதில் சொல்றதுக்குள்ள, கரையில பழகக் கிளாஸ் எடுக்கற நண்டு மாஸ்டர்கிட்ட புள்ளையைச் சேத்துவிட்டா. மாஸ்டர் கவ்விக்கிட்டுப் போய் மணல்ல போட்டாரு.

அப்பன் கரையோரம் நீந்திவந்து கத்தினாரு. "அடியே, புள்ள துடிக்கிறான்டி!"

"துடிக்கல, ஆடுறான். மாஸ்டர் டான்ஸும் சேத்துச் சொல்லிக்குடுக்கறாரு."

அப்பன் எகிறிக் கரையில விழுந்தாரு. வாலால ஒரே தட்டுத் தட்டிப் புள்ளையைத் தண்ணிக்குள்ள தள்ளினாரு. அவரைத் தூக்கிட்டுப்போக அலை வரல. மணல்லயே கெடந்து துள்ளினாரு.

அம்மா துடுப்பால தலையில அடிச்சுக்கிட்டா. "புள்ளையைச் சேத்த கிளாஸுல இவர் ஆடுறாரு பாரு!"