பதினோரு பெட்டிகள்

கொடைக்கானல் ஏரிக்கரை வீட்டு வாசலில் பதினோரு பெட்டிகள் இறங்கியதும் வேல்ராஜ் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தான். வாடகைக்கு வந்திருந்ததோ ஒரே ஒரு பெண்.

"ரெண்டு நாளைக்குத்தான புக் பண்ணீங்க? இம்புட்டுப் பெட்டி எதுக்குங்க?"

"கனடாவுல எல்லாத்தையும் காலி பண்ணிட்டு வந்துட்டேன். இனிமே இங்கதான்."

இவள் கிளம்பவே மாட்டாளோ? அவன் பெட்டிகளுக்குக் குறுக்கே போய் நின்றான். "அதெல்லாம் ஆகாதுங்க. வெள்ளிக்கிழமை வெள்ளனே கெளம்பிரணும்."

"அதைச் சொல்ல நீங்க யாருங்க?"

"நாந்தாங்க வீட்டுக்காரன்."

அவள் உள்ளே போனாள். திரை மூடிய இருட்டுக் கூடத்தில் தட்டுத் தடுமாறாமல் நேரே போய் சுவிட்சைப் போட்டாள். சுவரில் வெறும் ஆணி தெரிந்தது.

"வாட்ச்மேன், இதுல எங்கப்பா போட்டோ மாட்டியிருந்துச்சே. எங்க?"