முப்பது மீட்டருக்குள்

ஆறு வயது மகள் ஆதிரையை வீட்டுத் தோட்டத்தில் அடக்கம் செய்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. நான்காம் நாளிலிருந்து அவள் அறை விளக்கு, அந்தி சாயும் நேரத்தில் தானாக எரிந்தது. சுகந்தி அதை அணைக்காமல் விட்டாள். அவள் கணவன் அருள்மணியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எலக்ட்ரீஷியன் ரபீக்கைக் கூட்டிவந்தான்.

ரபீக் சுவிட்ச் பலகையைக் கழற்றி, சுவருக்குள் இருந்த, விளக்கை ரிமோட்டில் இயக்கும் தீப்பெட்டி அளவு மாட்யூலை வெளியே இழுத்தான்.

“இதுல மூணு ரிமோட் சேர்த்திருக்கு சார். நீங்க ரெண்டுதான் குடுத்திருக்கீங்க.”

“ஒண்ணு தொலைஞ்சுபோச்சுப்பா.”

“யாரு கையிலயோ கெடச்சிருக்கு. முப்பது மீட்டருக்குள்ள இருந்துதான் அமுக்குறாங்க. பக்கத்து வீட்டு வாண்டுங்களைக் கேட்டீங்களா?”

அருள்மணி தெருப்பக்கம் பார்த்தான். சுகந்தி தோட்டத்தைப் பார்த்தாள். எலுமிச்சை மரத்தடியில் மண் இன்னும் இறுகவில்லை.

“அந்த ரிமோட்டுல பேட்டரி எவ்வளவு நாள் வரும் தம்பி?”

“ரெண்டு வருஷம் தாராளமா வரும்க்கா. அதுவரைக்கும் எதுக்கு? இந்தப் பொத்தானைப் பத்து செகண்டு அமுக்கினா மூணையும் மறந்துடும். அப்புறம் உங்க ரெண்டை மட்டும் சேர்த்துடறேன்.”

“அமுக்குப்பா,” என்றான் அருள்மணி.

ரபீக் விரலை வைத்து எண்ணத் தொடங்கினான். ஐந்து என்றபோது சுகந்தி அவன் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள்.

“தொலையலங்க,” என்றாள் கணவனிடம். “அவளுக்கு இருட்டு ஆகாதே. குழியில இறக்கறதுக்கு முன்னாடி, நான்தான் அதை அவ கையில வெச்சு விரலை மூடினேன்.”