மூன்றாவது முகம்

சிரிக்கிறான். இன்றைக்கும் சிரிக்கிறான் அந்தக் கிழவன்.

மொரீன் தைத்துக்கொண்டிருந்த ஷூவை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளிருந்து பார்த்தாள். எதிரே, போலீஸ் வேனின் பக்கவாட்டில் பொருத்திய பெரிய திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போய்க்கொண்டிருந்தன.

போன வாரக் கலவரத்தில் பர்மிங்காம் கடைகளை உடைத்து அள்ளிக்கொண்டு போனவர்களின் முகங்கள். ஆளைத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கீழே ஒரு போன் நம்பர். பெயர் தெரிந்துவிட்ட முகத்தை மறுநாள் எடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை இருபத்திரண்டு முகங்கள் இருந்தன. இன்று வெள்ளி, பதினான்குதான்.

அதில் மூன்றாவது முகம் லியானுடையது. மொரீனின் மகள்.

தலையை மூடிய தொப்பி, பாதி முகம், அதுவும் கலங்கல். வேறு யாருக்கும் அடையாளம் தெரியாது. பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? எட்டு மாதக் குழந்தையை இடுக்கிக்கொள்கிற அதே இடது இடுப்பில் ஒரு டயப்பர் பெட்டியை இடுக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

பாவிப் பெண்ணே, என்னிடம் கேட்டிருந்தால் வாங்கித் தந்திருக்க மாட்டேனா என்று மொரீன் தினமும் மனதுக்குள் திட்டுவாள். லியானிடம் மட்டும் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாளே.

தண்ணீர் பாட்டில் தூக்கியவனுக்கே ஆறு மாதம் போட்டார்களாம். லியான் உள்ளே போனால் அந்தக் குழந்தை என்ன ஆவது?

அந்தக் கவலைக்கு நடுவில்தான் இந்தக் கிழவன் முளைத்தான்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து வருகிறான். நன்றாகத் தேய்த்த மழைக்கோட்டு, கையில் பிளாஸ்க். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வான். முதல் முகத்துக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கும் ஒன்றுமில்லை. மூன்றாவது வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பிப்பான்.

அதற்கு மேல் மொரீன் பார்க்கமாட்டாள். தன் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று சட்டென்று தையல் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள்.

"உன் ஆளு வந்தாச்சு மொரீன். உள்ள கூப்ட்டு ஒரு டீயாவது குடேன்டி" என்று பக்கத்து பேக்கரி க்ளெண்டா கண்ணடித்துவிட்டுப் போனாள்.

மொரீன் ஷூவை ஓரமாக வைத்தாள். லியானை இவனுக்கு எப்படித் தெரியும்? அவள் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு வந்துபோகிறவனா? தெரியும் என்றால் ஏன் இன்னும் சொல்லவில்லை? எதற்காகக் காத்திருக்கிறான்?

இவன் வாய் திறப்பதற்கு முன்னால் இவன்மேல் ஒரு சந்தேகத்தைப் போட்டுவிட்டால், அப்புறம் இவன் சொல்வதை யார் நம்புவார்கள்?

வேனருகே நின்றிருந்த இளம் போலீஸ்காரரை மொரீன் கைகாட்டிக் கூப்பிட்டாள். அந்த ஆள் நான்கு நாளாக இங்கேயே சுற்றுகிறான், கள்ளப் பார்வை, கலவரத்தன்று என் கடைக் கண்ணாடியை உடைத்த கூட்டத்திலும் பார்த்த ஞாபகம் என்றாள். கடைசியில் சொன்னது பச்சைப் பொய். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

போலீஸ்காரர் கிழவனிடம் போனார். மொரீனும் பின்னாலேயே போனாள். மனசு கேட்கவில்லை.

"என்ன சார், தினமும் வர்றீங்களாமே? இதுல யாரையாச்சும் தெரியுமா?"

திரையில் லியான் வந்தாள். கிழவன் வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினான். போலீஸ்காரரும் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணா?"

வேண்டாம், வேண்டாம், சொல்லிவிடாதே என்று மொரீன் உள்ளுக்குள் கதறினாள்.

"இது இல்லீங்க, இதுக்கு அடுத்து..." என்ற கிழவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதற்குள் நான்காவது முகம் வந்துவிட்டது. முப்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், தோளில் ஒரு புதுக் கம்பளிக் கோட்டு, அதன் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் யார் கம்பளிக் கோட்டைத் திருடுவார்கள்? தெருவில் குளிர்காலத்தைக் கழித்தவர்கள்தான் திருடுவார்கள்.

கிழவர் முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"எம் பொண்ணு சார். வீட்ட விட்டுப் போயி நாலு வருஷம் ஆச்சு. இருக்காளா செத்தாளான்னே தெரியாம இருந்தேன். பேரச் சொல்லிட்டா படத்த எடுத்துருவீங்க. அதான் சார் சொல்லல."

போலீஸ்காரர் குறிப்பேட்டைத் திறந்தார். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"தெரிஞ்சதுக்கப்புறம் நான் எழுதாம இருக்க முடியாது சார். பேர் சொல்லுங்க."

"ரொவீனா. ரொவீனா ஆஸ்க்யூ."

எழுதி முடித்துவிட்டு அவர் மொரீனைப் பார்த்துத் தலையசைத்தார். "ரொம்ப நன்றி மேடம். உங்களுக்கிருக்கிற பொறுப்பு எல்லாருக்கும் இருந்தா இந்த ஊர் ஏன் இப்படி ஆகுது?"

மொரீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அசிங்கமாக இருந்தது. அதைவிட, தப்பித்தோம் என்று மனசின் ஒரு மூலை குதித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"கடைக்காரம்மா நீங்க. உங்களுக்கும் நஷ்டம் வந்திருக்கும். அவ பண்ணுனது தப்புதாம்மா. வளத்தவன் நான், எம்மேலயும் தப்பு இருக்கு. மன்னிச்சிருங்க."

திரையில் முகங்கள் ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தன.

"பரவாயில்லைங்க" என்றாள் மொரீன்.