இரண்டு பேருக்கு ஒரு சட்டை

பத்தொன்பது வருடம் பயணிகள் விமானம் ஓட்டிய தணிகாசலத்தைப் போர் தொடங்கிய மூன்றாம் நாள் ராணுவ வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு வெடிமருந்துப் பெட்டிகளை அடுக்கினார்கள். புறப்படும்போது ஒரு மேஜர் வந்து பச்சை ராணுவச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். "கீழ விழுந்துட்டா இதை மாட்டிக்கங்க சார். சாதாரண உடுப்புல பிடிபட்டா உளவாளின்னு சுட்டுடுவாங்க."

"எனக்கு?" என்றான் துணை விமானி இருதயராஜ்.

"ஒண்ணுதான் வந்திருக்கு தம்பி. அடுத்த வாரம் பார்க்கலாம்."

பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் இடது இன்ஜினில் குண்டு பட்டது. வறண்ட ஆற்றுமணலில் விமானத்தை எப்படியோ இறக்கினார் தணிகாசலம். புழுதி அடங்கியபோதுதான், தன் கைகள் அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தார். இருதயராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்தார்கள். கரையிலிருந்து ஏழெட்டுப் பேர் துப்பாக்கியோடு இறங்கி வந்தார்கள். சிப்பாய்கள் இல்லை, ஊர்க்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர் எரிந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவன் தணிகாசலத்தின் நெஞ்சில் துப்பாக்கியை வைத்தான்.

"இவன் பட்டாளத்தான், நம்ம ஊரைக் கொளுத்தினவங்க ஆளு. நீ யாருடா?" என்று இருதயராஜைக் கேட்டான்.

நான் பட்டாளம் இல்லை என்று சொல்லத் தணிகாசலத்துக்கு நாக்கு எழவில்லை. இருதயராஜ் ஓர் அடி நகர்ந்து, அவர் தோளை ஒட்டி நின்றான்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம்" என்றான்.