பம்ப் ரூம் போன்

மில்லுக்கு வரும் தொலைபேசி அழைப்பு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று யார் யாரோ எழுதிவைத்த விதிகளை, போன் இணைப்புகளைச் சீர்செய்ய வந்த ரெஜினா கணினியில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தாள். மேலாளர் எடுக்காவிட்டால் கணக்குப் பிரிவு, அங்கும் எடுக்காவிட்டால் ஸ்டோர், பிறகு கேட். எவருமே எடுக்காத அழைப்பு கடைசியில் பம்ப் ரூமுக்குப் போனது. ஏதோ தவறு என்று நினைத்து அந்த எண்ணுக்கு அவளே போன் போட்டாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். "மாசானம் பேசுறேன். யாருக்குச் சேதி?" மோட்டார் சத்தத்துக்கு மேல் ஒரு பெரியவர் குரல். "இந்தப் போனெல்லாம் உங்களுக்கு ஏண்ணே வருது?" "தெரியலம்மா. யாரும் எடுக்கலைன்னா இங்க அடிக்கும். கேட்டுக்கிட்டு, நடந்து போய்ச் சொல்லிட்டு வந்துருவேன்." "இனிமே அந்தத் தொந்தரவு இருக்காதுண்ணே." "சரிம்மா," என்றார். ஆள் எடுக்காத அழைப்புகளுக்கு ஒரு பெண்ணின் பதிவுக் குரலையும் வீணை இசையையும் வைத்தாள். விதிகள் ஒரே திரையில் அடங்கிவிட்டன. மேலாளருக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த வாரம் சரிபார்க்க வந்தபோது ஓர் அழைப்பு நெடுநேரமாகக் காத்திருப்பதைத் திரையில் பார்த்தாள். வெளி எண்ணிலிருந்து இல்லை, பம்ப் ரூமிலிருந்து. ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். வீணைக்கு அடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வீணை நின்று, தயவுசெய்து காத்திருங்கள் என்றது பதிவுக் குரல். "இருக்கேம்மா," என்றார் மாசானம். "நான் எங்க போகப்போறேன்."