கைவிட்ட குடம்

பழைய குடத்தை அதன் ஊருக்குத் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று அருங்காட்சியகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த ஊரிலிருந்து, அமெரிக்காவின் பியூப்லோ பழங்குடிக்காரி மார்செலினா வந்தாள். காப்பாளர் நீட்டிய கையுறையை அவள் வாங்கவில்லை. கறுப்பில் பறவைகள் தீட்டப்பட்ட அந்தத் தண்ணீர்க் குடத்தை வெறுங்கையால் எடுத்துத் தலையில் வைத்தாள். சும்மாடு தேவைப்படவில்லை, தலைக்கென்றே அதன் அடி குழிந்திருந்தது. பிறகு இரண்டு கைகளையும் விட்டாள்.

"ஐயோ, யாராவது பிடிங்க!" காப்பாளர் அலறினார்.

"பிடிச்சா விழுந்துடும்," என்றாள் அவள், கழுத்து அசையாமல்.

பிடிக்க நீண்ட ஊழியர்களின் கைகளெல்லாம் பாதியிலேயே நின்றன. அவள் நடந்தாள். எங்கேயாவது இடித்துவிடுமோ என்ற பதற்றத்தில் காப்பாளரே முன்னால் ஓடி ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டார்.

"இன்னும் அகலமாத் தொறங்க," என்றாள்.

வெளியே மழை பிடித்திருந்தது. நெடுங்காலம் காய்ந்து கிடந்த குடத்துக்குள் முதல் துளி விழுந்த சத்தம் அவள் மண்டைக்குள் கேட்டது. பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். குடம் மெல்லக் கனக்கத் தொடங்கியது. அவள் நடையை எட்டிப் போடவில்லை, தண்ணீர் தளும்பிவிடும்.